சபரி சார் நடத்திய மறுதேர்வு

நாமக்கல்லுக்கு வெளியே, விடுதியோடு கூடிய ஒரு பள்ளிக்கூடத்தில் சபரிநாதன் வேதியியல் வாத்தியார். பெரிய மேதாவி என்று சொல்ல முடியாது. அவரே அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் மற்ற வாத்தியார்கள் கைகழுவிய பையன்களை எல்லாம் அவர் தலையில்தான் கட்டுவார்கள். பரீட்சை முடிந்து பார்த்தால் அத்தனை பேரும் எப்படியோ கரையேறியிருப்பார்கள். சபரி சார் கையில் கொடுத்தால் கல்லும் பாஸாகும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டால் அவர் தலையைக் குனித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நடப்பார், சிரிப்பை மறைக்க.

அவருடைய முறையில் மாயமந்திரம் ஒன்றும் கிடையாது. கேள்வி, பதில். மறுபடியும் கேள்வி, மறுபடியும் பதில். எந்தப் பையனாவது கையைத் தூக்கி "ஏனுங்க சார் அப்படி ஆகுது?" என்று கேட்டால் போதும், சாருக்கு முகம் கோணிவிடும். "புரியறது அப்புறமேட்டுக்குப் புரியட்டும். மொதல்ல வாயில வரோணும்" என்பார். பையன் கையை இறக்கிக்கொள்வான்.

இதற்கும் ஒரு காரணம் உண்டு. பரமத்திப் பக்கம் வாழையும் மஞ்சளும் போடுகிற அவருடைய அப்பா சின்னுசாமிக்கு மகனை டாக்டராக்கிப் பார்க்க ஆசை. இதே மாதிரி ஒரு விடுதியில்தான் மகனைக் கொண்டுபோய் விட்டார். எல்லாரும் விழுந்து விழுந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்த நேரத்தில், மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட்டைச் சூடுபண்ணினால் அந்த நீலம் எங்கே போகிறது என்று சபரிநாதன் யோசிக்கத் தொடங்கினார். யோசனை நாள்கணக்கில் ஓடியது. பாடம் பின்தங்கியது. மெடிக்கல் சீட்டு மயிரிழையில் போனது. அந்த நீலத்தால்தான் போனது என்று அவர் இன்றைக்கும் நம்புகிறார். ஒரு இடத்தில் நின்று யோசிப்பது ஆளைக் கவிழ்த்துவிடும் என்பதுதான் பள்ளிக்கூடத்தில் அவர் உருப்படியாகக் கற்றுக்கொண்ட பாடம்.

கல்யாணம் ஆனது ஓமலூர்ப் பக்கத்துப் பெண்ணோடு. மைதிலி கணக்கில் எம்.எஸ்சி., சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். நாமக்கல்லில் இருந்து தினமும் சேலம் போய்வர முடியாது என்று வேலையை விட்டாள். விட்டதைப் பற்றி அவள் ஒன்றும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

மற்றபடி வாய்க்காரி. சார் திருத்தக் கொண்டுவரும் விடைத்தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு உரக்கப் படிப்பாள். ஒரு பையன் ஹைட்ரஜனைப் பற்றி "இதற்குக் கோபம் வந்தால் வெடிக்கும்" என்று எழுதியிருந்தான். அதைப் படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று மாடிக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு பல நாள், சார் முகம் சிடுசிடுவென்று இருந்தால், "ஏனுங்க, ஹைட்ரஜனுக்குக் கோபம் வந்திருச்சுங்களா?" என்று ஆரம்பித்துவிடுவாள்.

மைதிலி உண்டானதும் பரமத்தியில் இருந்து சாரின் அம்மா குப்பாயி வந்து கூட இருந்தாள். சமையலறை குப்பாயி வசம் போனது. மைதிலி ஒரு டம்ளரைக் கூடக் கழுவக் கூடாது. கீரை, பேரீச்சம்பழம், மாதுளை என்று வீட்டில் எதற்கும் குறைவில்லை. ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் சாயங்காலம் சார் விடைத்தாள் கட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். ஒரு பையன் அமோனியாவை அம்மோனியா அம்மாள் என்று எழுதியிருந்த தாள் மேலேயே இருந்தது. அவர் வேண்டுமென்றே மேலே வைத்திருந்தார். மைதிலி அதைப் படித்தாள். அடுத்த தாளைப் புரட்டினாள். அவ்வளவுதான்.

 அசதியாக இருக்கும் என்று சார் நினைத்துக்கொண்டார். குப்பாயியிடம் கேட்டார்.

"தலப்பிரசவம்னா அப்படித்தான் சாமி. வவுத்துல ஒரு உசுரு வளருதில்ல. எங்களுக்கெல்லாம் யாரு வந்து கேட்டா?" என்றாள் குப்பாயி.

அந்த மாதம் செக்கப்புக்கு மூவருமாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து முடித்ததும் சரிதா என்ற நர்ஸ் மைதிலியை மட்டும் உள்ளறைக்குக் கூப்பிட்டாள். குப்பாயியும் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"நீங்க இங்கயே இருங்க பாட்டி. அவங்ககிட்ட கொஞ்சம் கேள்வி கேக்கோணும்."

"என்ன கேள்வியா இருந்தாலும் நானே சொல்றனுங்க. அவளுக்கு என்ன தெரியும்."

"மனசு எப்படி இருக்குதுன்னு கேக்கறதுங்க. அதை அவங்கதான் சொல்லோணும். இப்ப மாசமா இருக்கறவங்க எல்லாருகிட்டயும் கேக்கறோம்."

கதவுக்குப் பதில் ஒரு திரைதான் தொங்கியது. சார் மைதிலியின் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நர்சின் குரல் கணீரென்ற குரல். சிரிக்கத் தோன்றுகிறதா, தூக்கம் வருகிறதா, எது நடந்தாலும் தன் மேல்தான் தப்பு என்று படுகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மைதிலியின் பதில் ஒன்றுகூட வெளியே கேட்கவில்லை. கேள்விகள் மட்டும் சாரின் மூளையில் வரிசையாகப் போய் உட்கார்ந்துகொண்டன. அவர் பிழைப்பு அது. கேள்வியை ஒருமுறை கேட்டால் போதும், மறக்க மாட்டார்.

வெளியே வந்த நர்ஸ் சாரைப் பார்த்து, "மார்க்கு கொஞ்சம் அதிகமா வந்திருக்குதுங்க சார்" என்றாள்.

"அப்பறம் என்னங்க, நல்லாப் படிச்ச புள்ளையாச்சே" என்று குப்பாயி பூரித்துப்போனாள். சாரும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடிதான், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுல அதிகமா வந்தா நல்லதில்லீங்க பாட்டி" என்றாள் சரிதா. சாருக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் ஆயுளில் அதிக மார்க் வாங்கிக் கெட்டவர் யாருமில்லை. நர்ஸ் பொறுமையாகவே சொன்னாள். "இத வெச்சு நோயின்னு சொல்ல முடியாதுங்க. சல்லடை மாதிரிதான். யாரை டாக்டரு உக்காந்து பாக்கோணும்னு பிரிச்சு எடுக்கறதுக்கு. இவங்களுக்கு நடுவாந்தரமா நிக்குது. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் கேக்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா டாக்டருகிட்ட அனுப்பறேன். பேசறதுக்கு ஆளு இருக்குது, வைத்தியமும் இருக்குது, சரியாப் போயிரும். நடுவுல ஏதாச்சும் மனசுக்குச் சரியில்லாத மாதிரி தெரிஞ்சா ரெண்டு வாரம் காத்திருக்க வேண்டாமுங்க, உடனே எனக்குப் போன் பண்ணுங்க."

நம்பரைக் கொடுத்தாள். சார் அதைப் போனில் பதிந்துகொண்டார். ஆனால் நர்ஸ் சொன்ன அத்தனையிலும் அவர் காதில் நின்றது ஒன்றே ஒன்றுதான். ரெண்டு வாரம் கழித்து மறுபடியும் கேட்பார்கள்.

திரும்பிவரும்போது காரில் சார் குழம்பிப்போயிருந்தார். என்ன குறை வைத்தோம்? அடித்தோமா, வைதோமா? கடனா, குடியா? மாமியார் கொடுமையா? இல்லை, இல்லை என்று மனசுக்குள் ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தார், மிச்சம் ஒன்றும் இல்லை. காரணம் இல்லாமல் ஒரு விளைவு எப்படி வரும்? கண்ணாடி வழியே பின்னால் பார்த்தார். மைதிலி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டால் சொல்வாளோ என்னவோ. நின்று யோசிக்க அவருக்குப் பயமாக இருந்தது. அதனால் தெரிந்த வேலையைச் செய்யத் தொடங்கினார்.

மறுநாள் சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மைதிலியைச் சாப்பாட்டு மேசை முன்னால் உட்காரவைத்தார்.

"பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. அதே கேள்விதான் மறுபடியும் வரும். சிரிக்கத் தோணுதான்னு கேட்டா, என்ன சொல்லோணும்?"

மைதிலி அவரைப் பார்த்தாள். "எனக்குத் தெரியலீங்க."

"எப்பவும் போலத் தோணுதுன்னு சொல்லோணும். எங்க, சொல்லு."

"எப்பவும் போலத் தோணுது."

"தூக்கம்?"

"வரலீங்க."

"வருதுன்னு சொல்லோணும். புள்ள பொரளுறப்ப மட்டும் முழிப்பு வருதுன்னு சேத்துக்க. அப்பத்தான் நம்புவாங்க."

இதைக் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவர் மனதில் இருந்தது பயம். மனநல டாக்டர் என்று பேச்செடுத்தாலே ஊர் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். ஓமலூரில் அவள் சொந்தக்காரர்கள், பரமத்தியில் இவர் சொந்தக்காரர்கள், எல்லார் வாயிலும் அவள் விழுவாள். பிள்ளை பிறந்து வளர்ந்த பிறகும் அந்தப் பேச்சு நிற்காது. அதில் இருந்து அவளைத் தப்பவைக்க வேண்டும். தப்பவைக்க அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. எனக்கு இந்த மனிதர் மேல் கோபம் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. இரண்டில் எது முந்தி என்று சொல்ல முடியவில்லை.

குப்பாயியும் சும்மா இருக்கவில்லை. கடலை உரித்துக்கொண்டே கேள்வி கேட்பாள். "தப்பெல்லாம் உம்மேலதான்னு தோணுதா கண்ணு?"

"இல்லீங்கத்த."

"அத சிரிச்ச மூஞ்சியா சொல்லோணும் சாமி. மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுச் சொன்னா அந்தம்மா நம்பாது."

மைதிலி உதட்டை விரித்துச் சிரித்துக் காட்டினாள். "ஆங், அப்படித்தான்" என்றாள் குப்பாயி. அவளும் உள்ளபடியே ஆசையாகத்தான் சொன்னாள். அன்று மருமகளுக்கு நெய் ஊற்றிப் பருப்புச் சோறு பிசைந்து கொடுத்தாள். மைதிலி தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

மைதிலி நல்ல மாணவி. அவளும் ஒரு காலத்தில் இதே ஊர் விடுதியில் படித்தவள்தான், பதிலை எப்படி விழுங்குவது என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வாரம் ஆவதற்குள் எல்லாம் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. சாருக்கே ஆச்சரியம். கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்தது, சிரித்த முகத்தோடு வந்தது. கடைசிக் கேள்வி ஒன்றை மட்டும் அவர் வேகமாகத் தாண்டிக்கொண்டிருந்தார். தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்று எப்போதாவது நினைப்பு வந்ததா என்ற கேள்வி அது. அதைக் கேட்க அவருக்கு நாக்கு எழாது. "கடைசிக்கு, இல்லீங்க. அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார்.

ஒருநாள் அவர் அப்படி முடித்துவிட்டு எழுந்திருக்கும்போது மைதிலி கேட்டாள்.

"ஏனுங்க, அந்தக் கடைசிக் கேள்விக்கு நெசமாலுமே ஒருத்தி ஆமான்னு சொன்னா, அவள என்னங்க பண்ணுவாங்க?"

வகுப்பில் பையன் கையைத் தூக்கியது போலத்தான் அது அவர் காதில் விழுந்தது. முகம் கோணியது.

"அது நமக்கு வேண்டாம். நம்ம பதில் இல்லைங்கறது. அதோட விடு."

அவள் தலையாட்டினாள். மேசை மேல் கிடந்த கடலைத் தோலை ஒன்றாகக் கூட்டி, கையில் அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சார் சட்டை மாற்றிக்கொள்ளப் போனார்.  அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று அவர் யோசிக்கவில்லை.

இரண்டு வாரம் முடிந்ததும் சாரும் மைதிலியும் மட்டும் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். இந்த முறையும் அதே திரை, அதே பெஞ்ச், மடியில் அதே பை. இன்றைக்கு மைதிலியின் குரலும் வெளியே கேட்டது, தெளிவாக, திக்காமல். ஒவ்வொரு பதிலுக்கும் சாரின் தலை தானாக ஆடியது. ஒரு இடத்தில் சிரிப்புச் சத்தம்கூட வந்தது. கடைசிக் கேள்விக்கு "இல்லீங்க" என்று கேட்டதும் அவர் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

சரிதா வெளியே வந்தாள். "கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லீங்க சார். ரொம்பக் கொறைஞ்சிருச்சு" என்றாள். சொல்லிவிட்டு மைதிலியைத் திரும்பிப் பார்த்தாள். "இவ்வளவு சீக்கிரமா... ஊட்டுல என்னங்க பண்ணுனீங்க?"

சாருக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை வருசப் பழக்கம், பாஸான பிள்ளையின் வாத்தியார் யார் என்று கேட்டால் அவரால் பேசாமல் இருக்க முடியாது. விழுங்கிக்கொண்டார். "நல்லாப் பாத்துக்கறோமுங்க சிஸ்டர்" என்றார்.

"நல்லதுங்க. அடுத்த தடவையும் கேப்பேன். எந்நேரமா இருந்தாலும் கூப்பிடுங்க" என்று சரிதா மைதிலியின் கையைப் பிடித்துச் சொன்னாள்.

வெளியே வந்து காரில் ஏறியதும் அம்மாவுக்குப் போன் போட்டார். "கொறைஞ்சிருச்சும்மா. பாஸு." குப்பாயி மாரியாத்தாளுக்கு நன்றி சொன்னாள். வழியில் பேக்கரியில் நிறுத்தி, மைதிலிக்குப் பிடித்த தேங்காய் பன் வாங்கிவந்து அவள் கையில் கொடுத்தார். காரைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் பாஸானால் வரும் சந்தோசம் இந்நேரம் வந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தார், வரவில்லை. எல்லாம் சரியாகத்தானே நடந்தது? ஒரு பதில்கூடத் தப்பவில்லையே. எங்கே இடிக்கிறது என்று தெரியாமல் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மைதிலி பன்னைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தாள்.

"சாப்புடல?" என்றார்.

"சாப்புடறனுங்க" என்றாள். பிரிக்கவில்லை.

அப்போதுதான் அவர் கேட்டார். யோசித்துக் கேட்டதல்ல, சும்மா, வழியில் பார்க்கிறவர்களைக் கேட்பது போல வாயில் வந்துவிட்டது.

"இப்ப உனக்கு எப்படி இருக்குது மைதிலி?"

அவள் திரும்பினாள். உதடு விரிந்தது, குப்பாயி சொல்லிக்கொடுத்த அதே அளவுக்கு விரிந்தது. பிறகு அவள் முகத்தில் ஒரு தடுமாற்றம் வந்தது. இந்தக் கேள்வி அவர் நடத்தியதில் இல்லை. வரிசையில் முன்னும் பின்னும் தேடிப் பார்க்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. இப்படித் தேடுகிற கண்களை அவர் தினமும் வகுப்பில் பார்க்கிறார்.

"இதுக்கு என்னங்க சொல்லோணும்?" என்றாள்.

அவள் கேலி பண்ணவில்லை. பண்ணியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். உள்ளபடியே கேட்டாள். பதிலைச் சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வதற்குக் காத்திருந்தாள்.

  சாருக்கு முதல் நாள் மேசை முன்னால் அவள் சொன்ன "தெரியலீங்க" நினைவுக்கு வந்தது, "வரலீங்க" நினைவுக்கு வந்தது. அவள் உண்மையைச் சொன்னது அந்த ஒரு சாயங்காலம்தான். இரண்டையும் அவர் சிவப்பு மையால் அடிப்பது போல அடித்துவிட்டார். பிறகு கடலைத் தோலை அள்ளிக்கொண்டு போன கை நினைவுக்கு வந்தது. நெசமாலுமே ஒருத்தி ஆமான்னு சொன்னா. ஒருத்தி என்று அவள் சொன்னது யாரை?

போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினார்.

"சிஸ்டர், நான் சபரிநாதனுங்க. இப்பத்தான் வந்துட்டுப் போனோம். அந்த மார்க்கு அவ வாங்குனது இல்லீங்க. நான் சொல்லிக்குடுத்தனுங்க. எல்லாக் கேள்விக்கும். கடைசிக் கேள்விக்கும்."

சரிதா, "எங்க இருக்கறீங்க? கூட்டிக்கிட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன். டாக்டரையும் இருக்கச் சொல்றேன். அவங்களத் தனியா எங்கயும் விட்டுறாதீங்க" என்றாள். திட்டவில்லை. திட்டினால் தேவலாம் என்று சாருக்கு இருந்தது.

மைதிலி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கார் திரும்பியதும், "மறுபடியுமா கேப்பாங்க?" என்றாள்.

"கேப்பாங்க. என்ன தோணுதோ அதச் சொல்லு. தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லு."

"அது தப்பாப் போயிருமுங்களே."

"போவட்டும்" என்றார் சார். அந்த வார்த்தையை அவர் வாழ்நாளில் எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை.

இந்த முறை சரிதா அவர்களைத் திரை போட்ட அறைக்குக் கூட்டிப்போகவில்லை. டாக்டர் அறைக்குள் மைதிலியை அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். மரக்கதவு. கேள்விகூட வெளியே கேட்கவில்லை. நோயாளிகள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். ஆயா ஒருத்தி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாரின் மடியில் பையும், பிரிக்காத பன்னும் இருந்தன. உள்ளே என்ன கேட்கிறார்கள், இவள் என்ன சொல்கிறாள், ஒன்றும் தெரியவில்லை. அவள் மனதில் இத்தனை நாளாக என்ன இருக்கிறது என்று தனக்கு ஒரு வரிகூடத் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

போன் அடித்தது. குப்பாயி.

"எங்க சாமி காணோம்? சோறு ஆறிப்போவுது."

"ஆஸ்பத்திரியிலதானுங்கம்மா இருக்கறோம்."

"மறுபடியும் எதுக்கு? பாஸுன்னுதானே சொன்னே?"

"பாஸானது நானுங்கம்மா. அவ இப்பத்தான் பேசறா."

குப்பாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கும் அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. போனை வைத்தார்.

கதவுக்கு உள்ளே மைதிலி அழும் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு அடக்க முடியாமல், பெரிதாக. இந்த மாதங்களில் அவள் ஒருமுறைகூட அவர் முன்னால் அழுததில்லை. சார் பதறி எழுந்து கதவு வரைக்கும் போனார். தாழ்ப்பாளில் கையை வைத்தார். அழாதே என்றுதான் சொல்லப்போகிறார், அவருக்கு வேறு என்ன தெரியும். கையை எடுத்துக்கொண்டார். திரும்பிவந்து பெஞ்சில் உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.